விரலுக்குக் கீழே ஒரு புள்ளி

கோமதிநாயகம் தென்காசிப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பதினொன்றாம் வகுப்புக்கு இயக்க வரைபடங்களை நடத்துவதில் அவருக்கு ஊரில் நல்ல பெயர். வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாகச் சாக்பீஸ்களை விரலிடுக்கில் செருகிக்கொள்வார். நிற்கிற பொருளுக்கு ஒரு கோடு, சீராகப் போகிற பொருளுக்கு ஒரு கோடு, வேகம் கூடிக்கொண்டே போகிற பொருளுக்கு வளைந்தேறும் ஒரு கோடு. ஒவ்வொன்றும் ஒரே வீச்சில் பலகையில் விழும். கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள்.

நாற்பத்தேழாவது வயதில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். முதலில் பார்வையின் ஓரங்கள் போயின. பிறகு ஒரு துவாரத்தின் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் துவாரமும் அடைத்துக்கொண்டது.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து பேசினார்.

"சார், பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. வகுப்புக்கு வந்தாலும் சரிதான். இல்லன்னா நூலகத்துல உங்களுக்கு ஒரு இடம் போட்டுருதேன். நிம்மதியா உக்காந்திருக்கலாம்."

நூலகத்தில் பார்வையில்லாதவன் உட்கார்ந்து என்ன செய்வான் என்று கோமதிநாயகம் கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

கோலைத் தட்டி நடக்கப் பழகுவதற்காகத்தான் அவருடைய மனைவி செண்பகவல்லி அவரை மலையடிவாரத்தில் இருந்த பயிற்சி இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளும் அங்கேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டாள்.

அங்கே பிலோமினாள் என்றொரு ஆசிரியை இருந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய வகுப்புப் பெண்களுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்துவாள்.

வந்து சேர்ந்த மறுநாள் காலையில் கோமதிநாயகம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. காதில் விழுந்ததை அவரால் நம்ப முடியவில்லை. பிலோமினாள் வரைபடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து அவள் வெளியே வந்ததும் கோலின் சத்தத்தை வைத்துக் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"கோடுன்னா என்னன்னே பார்த்தது கிடையாது நீங்க. பார்க்காத ஒண்ணோட உருவத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கீங்க?"

அவள் உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். மேலே ரப்பர் ஒட்டிய பலகை. அதில் குண்டூசிகள் குத்தி, ஊசிக்கு ஊசி நூல் இழுத்திருந்தது.

"தடவிப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் விரலை நூலின்மேல் ஓட்டினார். இடதுகோடியிலிருந்து வலதுகோடி வரை ஏற்ற இறக்கமே இல்லை. கிடைக்கோடு. பச்சைப் பிள்ளைக்கு வைக்கிற கேள்வி என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பொருள் நிக்கி. அசையவே இல்ல."

"நிக்கிதா?"

"நேரம் போவுது, தூரம் மாறல. அப்ப நிக்கத்தானே செய்யுது?"

"தூரம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் விரல் நின்றது.

பிலோமினாள் அவர் கையைப் பிடித்துப் பலகையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே சில புடைப்புப் புள்ளிகள் இருந்தன. பிரெய்லி எழுத்து. அவருக்கு அது இன்னும் வாசிக்கத் தெரியாது.

"வேகம்னு போட்டிருக்கு சார்."

வேகம் மாறவில்லை. அப்படியென்றால் அது நிற்கவில்லை. போய்க்கொண்டே இருக்கிறது, தளராமல். இருபது வருஷமாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

"பார்வை உள்ளவங்க கோட்டைத்தான் முதல்ல பார்ப்பாங்க போல" என்றாள் பிலோமினாள். குரலில் கேலி இல்லை. "நாங்க ஓரத்துல இருந்துதான் ஆரம்பிப்போம். வேற வழி கிடையாது."

அன்று மாலை கோமதிநாயகம் செண்பகவல்லியிடம், "எனக்குப் பிரெய்லி படிக்கணும்" என்றார். கோல் பிடிக்கவே மாட்டேன் என்று வீட்டில் முரண்டு பிடித்த மனுஷர். அவள் உடனே எழுந்துபோய் ஏற்பாடு செய்தாள்.

பிலோமினாளின் வகுப்பறைச் சுவரில் பலகைகள் வரிசையாகத் தொங்கின. கோமதிநாயகம் பகலெல்லாம் அங்கேதான். ஒவ்வொன்றாகத் தடவுவார். நேராக ஏறுகிற நூல், மெல்லத் தொடங்கிச் செங்குத்தாகப் போகிற நூல், கடல் அலைபோல ஏறி இறங்குகிற நூல். பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். விரலுக்குத்தான் தெரியவில்லை.

ஒருநாள் மேலே எறிந்த பந்தின் பலகை கைக்கு வந்தது. முதலில் ஓரத்தை வாசித்தார். உயரம். கீழே நேரம். பிறகு விரலை நூலில் வைத்தார். தொடக்கத்தில் விரல் அண்ணாந்து ஏறியது. போகப்போக ஏற்றம் தணிந்தது. உச்சிக்கு வந்தபோது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொஞ்சம்போலச் சமதளம், அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் விரல் சரிய ஆரம்பித்தது.

அவர் திரும்பவும் உச்சிக்கு வந்தார். திரும்பவும்.

"என்ன சார், ஒரே இடத்துல நிக்கீங்க?"

"உச்சியில திசைவேகம் சுழின்னு சொல்லிக் குடுத்திருக்கேன் டீச்சர். இப்பத்தான் தொடுதேன்."

அவள் அடுத்த பெண்ணின் பலகைக்குப் போய்விட்டாள்.

பிரெய்லி கொஞ்சம் கைக்கு வந்தபிறகு பிலோமினாள் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அவர் கையில் ஒரு கூடை நிறையத் துணிக் கிளிப்புகளைக் கொடுத்தாள்.

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. நான் ஒரே சீரா கை தட்டுவேன். ஒவ்வொரு தட்டுக்கும் நீங்க எங்க இருக்கீங்களோ அங்க ஒரு கிளிப்பு மாட்டுங்க."

நடந்தார். கை தட்டும் சத்தம் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. நடுவே வாய்க்காலைத் தாண்ட ஒரு கல் போட்டிருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த இடம் எங்கே வரும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. காலை எடுத்து எடுத்து வைத்தார். தாண்டியபின் தைரியம் வந்தது.

மறுமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்போது கிளிப்புகளைத் தடவிக்கொண்டே வந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்கொன்று கை நீளத்துக்குத் தள்ளித் தள்ளி இருந்தன. கல்லை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, பயந்த ஆட்டுக்குட்டிகள் மாதிரி.

அந்தத் தூரங்களை வைத்து அவரே பலகையில் ஊசி குத்தி நூல் இழுத்தார். முதலில் ஒரு ஏற்றம். நடுவில் படுத்தே கிடந்தது நூல். பிறகு விறுவிறுவென்று ஏறியது.

செண்பகவல்லி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்.

"ஏங்க, முற்றம் தட்டைப்பலகை மாதிரி கிடக்கு. நீங்க என்ன மலை ஏறுனாப்புல போட்டிருக்கீய?"

கோமதிநாயகம் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரிப்பதை அவள் அன்றுதான் கேட்டாள்.

"மலை இல்லட்டி. இங்க வா, கையைக் குடு."

அவள் விரலைப் பிடித்து நூலில் வைத்தார்.

"இது நான் எவ்வளவு தூரம் போனேங்கிற கணக்கு. சரசரன்னு நடந்தா நூலு செங்குத்தா ஏறும். மெல்லப் போனா சாஞ்சுக்கிடும். இங்க பாரு, படுத்துக் கிடக்கா?"

அவள் விரல் அந்த இடத்தில் தங்கியது.

"இங்கதான் அந்தக் கல்லா?"

"ஆமா."

"ரொம்பப் பயந்துட்டீயளோ?"

"ரொம்ப."

அவள் மூக்கை உறிஞ்சினாள். தூரத்தில் நின்றிருந்த பிலோமினாள், "சார், இன்னைக்கு ஒரு பாடம் நடத்திட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே கோமதிநாயகம் தலைமையாசிரியருக்குப் போன் செய்தார். "வகுப்புக்கு வாரேன்."

பள்ளிக்கூடம் திறந்தபோது சாரல் தொடங்கியிருந்தது. கோலைத் தட்டிக்கொண்டு அவர் வகுப்புக்குள் போனார். நாற்காலி, மேஜை, பலகை எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. பிள்ளைகள் எழுந்து நின்றதும் உட்கார்ந்ததும் கேட்டது. சாக்பீஸை எடுத்தார். கை பழைய பழக்கத்தில் தானாகவே வீசியது.

ஒரு கோடு போட்டார். அதற்குப் பக்கத்தில் போட்ட இரண்டாவது கோடு முதல் கோட்டின்மேலேயே ஏறிப் போனது. அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவதை வீச்சாக இழுத்தார். சாக்பீஸ் பலகையைத் தாண்டிச் சட்டத்தில் இடறிச் சுவரில் போய்க் கிறீச்சிட்டது.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. அடக்க முயன்று அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. அதன்பிறகு வகுப்பே மூச்சு விடாமல் இருந்தது. அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை செண்பகவல்லியோடு பயிற்சி இல்லத்துக்குப் போய்ப் பிலோமினாள் முன்னால் உட்கார்ந்தார்.

"நூலகத்துக்கே போயிருதேன் டீச்சர்."

"என்ன ஆச்சு?"

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சுவரில் கிறீச்சிட்டதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று காத்திருந்தார்.

"சாக்பீஸ் யாரு கையில இருந்துச்சு சார்?"

"என் கையில."

"பிள்ளைங்க கையில?"

அவர் யோசித்தார். "ஒண்ணும் இல்ல."

"சரி" என்றாள் பிலோமினாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் பாதி வழிவரைக்கும் அந்தக் கோபம் இருந்தது. அதன்பிறகு யோசனையில் மூழ்கியவர், இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுந்திருக்கவில்லை. செண்பகவல்லிதான் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அன்னைக்குச் சிரிச்சது யாருடே?"

கோலை மேஜைமேல் சாய்த்து வைத்தார்.

"அடிக்கதுக்கு இல்ல. எனக்கு ஒரு கை வேணும்."

பின்பக்கம் ஒரு பெஞ்சு முனகியது. காலடிகள் தயங்கித் தயங்கி வந்தன.

"பேரு என்ன?"

"மரியசெல்வம் சார்."

"சாக்பீஸைப் பிடி. பலகைகிட்ட நில்லு. அச்சு ரெண்டையும் வரை. கீழ நேரம், நிமிர்ந்த அச்சுல தூரம். வரைஞ்சிட்டியா? இப்ப ஒரு ஆள் நடக்கணும். யாரு வாரா?"

"நான் சார்" என்றாள் ஒரு பெண். பெயர் இசக்கியம்மாள்.

"பலகைக்குப் பக்கத்துல வந்து நில்லு. நான் சொன்னதும் கடைசி பெஞ்சைப் பார்த்து நடக்கணும். எப்படி வேணும்னாலும் நட. மரியசெல்வம், அவ எங்கிட்ட இருந்து எவ்வளவு தூரத்துல இருக்காளோ அதை நீ வரையணும். அவ நடக்க நடக்க. கை வலது பக்கம் ஒரே சீராப் போய்க்கிட்டே இருக்கணும், நிக்கக் கூடாது."

அவர் தன் கையை மரியசெல்வத்தின் கைமேல் வைத்தார். அந்தக் கை வேர்த்திருந்தது.

"நட தாயி."

செருப்புச் சத்தம் கிளம்பியது. அவர் காது அதன் பின்னாலேயே போனது. கைக்குக் கீழே மரியசெல்வத்தின் கை சாய்வாக ஏறிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் வேகமெடுத்தது. கை அதே சாய்விலேயே போனது.

"கோடு பொய் சொல்லுதே. அவ வேகமாப் போறா. காதுல விழலையா?"

கை சட்டென்று நிமிர்ந்து ஏறியது.

சத்தம் நின்றது. ஒரு கணம் தடுமாறிய மரியசெல்வத்தின் கை, பிறகு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் வலப்பக்கமாக நகர்ந்தது.

பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வரத் தொடங்கியது. மரியசெல்வத்தின் கையும் திரும்பியது. இடதுபக்கமாக.

"ஏலே, எங்க போற?"

"அவ திரும்பி வாராளே சார்."

"அவ திரும்பி வாரா, சரி. மணி திரும்பி வருதா?"

வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை மரியசெல்வமும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். அவன் கை அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக, யாரும் சொல்லாமலே, வலதுபக்கமாக இறங்க ஆரம்பித்தது.

"அதுதான்" என்றார் கோமதிநாயகம். "அதேதான்டே."

"சார், அடுத்தது நான் நடக்கேன்" என்றது ஒரு குரல். "நான் ஓடுதேன் சார்" என்றது இன்னொன்று. ஒருத்தன் நொண்டிக்கொண்டே போனான். அதற்குப் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு விழுந்தது. பலகையில் கோடுகளும் வகுப்பில் கூச்சலும் நிறைந்தன. மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

வாசல் பக்கம் ஒரு செருமல் கேட்டது. தலைமையாசிரியருடையது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது.

"சார், நூலகத்துக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் கோமதிநாயகம் செண்பகவல்லியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார். பயிற்சி இல்லத்து வாசலில் அவர் கோலின் சத்தத்தைக் கேட்டதும் பிலோமினாள் வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

நடந்ததையெல்லாம் சொன்னார். மரியசெல்வத்தின் கை தானாக இறங்கிய இடத்தை இரண்டு தடவை சொன்னார். அவள் குழந்தைபோலக் கைதட்டிச் சிரித்தாள்.

ஓட்டின்மேல் சாரல் விழத் தொடங்கியது.

"டீச்சர், இன்னும் ஒண்ணு இருக்கு. அதை யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லுங்க."

"கண்ணு இருந்தப்ப ஒரு கோட்டைப் பார்த்தா, எங்க தொடங்குது, எங்க வளையுது, எங்க போயி முடியுதுன்னு எல்லாம் ஒரே பார்வையில தெரிஞ்சிரும். இப்ப விரலுக்குக் கீழ ஒரு புள்ளிதான் இருக்கு. அதுக்கு முன்னால இருந்தது ஞாபகம். அடுத்து வரப்போறது தெரியாது. இந்த வாரம் வகுப்பு நல்லா நடந்துச்சு. அடுத்த வாரம் எப்படியோ. இந்த வருஷம் எப்படிப் போகுமோ. ராத்திரியில அதைத்தான் நெனைச்சுக்கிட்டுக் கிடக்கேன். முழு உருவம் எனக்கு இனிமே தெரியவே தெரியாதா?"

பிலோமினாள் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க" என்றாள்.

அவள் சாரலில் இறங்கி நடந்தாள். அவர் அவளுடைய கோல் தட்டும் சத்தத்தைப் பின்பற்றிப் போனார். பாதை எங்கே திரும்புகிறது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் மண் வழுக்கியது. கோலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார். இன்னொரு இடத்தில் நனைந்த இலைகள் தோளில் உரசின. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. காற்றில் மலை வாசம் வந்தது.

அவள் நின்றாள். அவரும் நின்றார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே டீச்சர்."

"வரைஞ்சு முடிச்ச கோட்டுக்குத்தான் சார் முழு உருவம்" என்றாள் பிலோமினாள். "நீங்க இன்னும் நடந்துக்கிட்டுல்லா இருக்கீங்க."